உப்பில்லாச் சோறும் ஒரு அகதி வைத்தியரும்



நீரிழிவும் இரத்த அழுத்தமும் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. அவை முற்றிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டால் முதற் சண்டை குசினியிலேதான் தொடங்குகிறது. "உப்பில்லை, உறைப்பில்லை, இதை மனிசன் தின்பானோ?" என்று கோப்பையைத் தள்ளிவிடுவார்கள். சமைத்தவரின் மனம் நோகும். இந்தச் சண்டைக்குப் பின்னால் நீண்ட வைத்திய வரலாறு ஒன்று இருக்கிறது.

அந்த வரலாற்றில் ஒரு அகதியும் வருகிறார். வால்ற்றர் கெம்ப்னர் பெர்லினைச் சேர்ந்த வைத்தியர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருடம், 1934இல், ஜேர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது செயற்கைச் சிறுநீரகம் கிடையாது. 1939இல் அவர் சிறுநீரக நோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கிய மருந்து என்ன தெரியுமா? சோறு! வெள்ளைச் சோறு, பழம், பழச்சாறு, சீனி. உப்புச் சேர்ப்பதே இல்லை. நாளொன்றுக்குப் புரதம் ஏறக்குறைய 20 கிராம். புரதத்தின் கழிவான யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அந்தச் சுமையைக் குறைத்தால் அது தாக்குப்பிடிக்கும் என்பது அவருடைய கணக்கு.

1942இல் ஒரு பெண்ணை இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னாராம். அவருடைய ஜேர்மன் உச்சரிப்பில் அது இரண்டு மாதம் என்று விளங்கிவிட்டதாம். இரண்டு மாதமும் சோற்றோடு இருந்து திரும்பி வந்தபோது அந்தப் பெண் நன்றாகத் தேறியிருந்தார். வந்த நாட்டு மொழியோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும்.

ஆனால் அப்படி எத்தனை நாள் சாப்பிடலாம்? 1964இல் இத்தாலிய வைத்தியர்களான ஜொவனெற்றியும் மஜோரேயும் புரதம் குறைந்த பாணையும் பாஸ்தாவையும் முட்டையோடு கொடுத்தார்கள். நோயாளியின் நாக்குக்குப் பழகிய சாப்பாட்டையே மருந்தாக்கினார்கள்.

நாக்கின் கதையும் உண்டு. இரத்தத்தில் யூரியா கூடினால் உமிழ்நீரிலும் கூடும். அங்கே அது அமோனியாவாக மாறும். வாய் கசக்கும், இரும்பு மணக்கும், இறைச்சி அருவருக்கும். என் மூத்த அண்ணர் மூன்று வருடம் இரத்தச் சுத்திகரிப்பில் இருந்தவர். "துருப்பிடிச்ச தகரத்தை நக்கின மாதிரிக் கிடக்கு" என்பார். அண்ணி தன் சமையலில்தான் பிழை என்று நினைத்துக் கண்கலங்குவார்.

முதலாவது வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை 1954 டிசெம்பர் 23ஆம் திகதி பொஸ்ரனில் நடந்தது. ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்ட்டுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தார். ரிச்சர்ட் மேலும் எட்டு வருடம் வாழ்ந்தார். சத்திரசிகிச்சை செய்த ஜோசப் மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்க, பலருக்குச் சுவையும் திரும்புகிறது. அண்ணருக்கும் அப்படித்தான். அண்ணி கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு "சீனி கூடிப்போச்சு" என்றார். அண்ணி போட்டது வழக்கமான ஒரு கரண்டிதான்.

கவனமாக இருக்கவேண்டிய காலமும் அதுதான். 1960களின் தொடக்கத்திலிருந்து மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்க ஸ்ரீரொயிட் மருந்து கொடுத்து வருகிறார்கள். அது பசியைக் கிளப்பும், நிறையைக் கூட்டும், நீரிழிவையும் கொண்டுவரலாம். இழந்த ருசியும் புதுப் பசியும் ஒன்றாக வரும்போது, வாழ்த்த வருபவர்கள் லட்டும் வடையும் கொண்டுவருகிறார்கள்! சைக்ளோஸ்போரின், ரக்ரோலிமஸ் போன்ற மருந்து எடுப்பவர்கள் கிரேப்புரூட் பழத்தைத் தொடவே கூடாது. அது இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். உப்புக்குப் பதிலாகக் கடைகளில் விற்கும் தூள்களில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். வைத்தியரைக் கேளாமல் வாங்காதீர்கள்.

ஆறுதலான செய்தி ஒன்று. 1982இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்த உப்பே ருசியாகிவிட்டது. நாக்கு பழகும். அதுவரை தேசிக்காய்ப்புளியும் மிளகும் உள்ளியும் கறிவேப்பிலையும் கைகொடுக்கும். வீட்டில் எல்லோரும் அதே கறியைச் சாப்பிட்டால் நோயாளி தனித்துப்போகமாட்டார்.

கோப்பையைத் தள்ளுபவர் சமைத்தவரைத் தள்ளவில்லை. வருத்தம் அவருடைய நாக்கையும் பிடித்திருக்கிறது. இதை அவரோடு சண்டை பிடிக்குமுன் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.