துணிக்குறைச் சான்றும் லினக்ஸ் சிறுபலகையும்: முதலிபாளையம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருப்பூருக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள முதலிபாளையத்தில் தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை உள்ளது. ‘சிட்கோ’ என்றே மக்கள் வழக்கில் அறியப்படும் இப்பேட்டையில், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் 1997இல் தோன்றிய நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியும் இயங்கிவருகிறது. சிறு தொழிற்கூடங்களும் தொழிற்கல்வியும் அருகருகே அமைந்த இடம் என்பதால், பின்னலாடைத் தொழிலுக்குள் புதிய கருவிகள் நுழையும் முறையை எண்ணிப் பார்க்க முதலிபாளையம் ஏற்ற களமாகிறது.

திருப்பூரைப் பற்றிய ஆய்வுகள் மூலதனம், சாதி, உழைப்பு, நீர் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. உழைப்பாளிகளாக இருந்த வேளாண் குடியினர் முதலாளிகளான வரலாற்றை ஷரத் சாரி தம் 2004ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்துள்ளார். கருவிகளுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. உள்ளங்கையளவுப் பலகையில் லினக்ஸ் இயங்கி, கேமரா வழியே பார்த்து, பார்த்ததைப் பிணையத்தில் அனுப்பும் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. துணியில் நேர்ந்த குறைக்குப் பொறுப்பாளி யார் என்னும் பழைய வழக்கில் சான்று யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியோடு சேர்த்தே இதன் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

ஜாப் ஒர்க்கும் டெபிட்டும்

திருப்பூரில் ஒரு பனியன் துணி ஒரே கூரையின்கீழ் உருவாவது குறைவு. ஆலையிலிருந்து வரும் நூல் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், வெட்டு, தையல், செக்கிங் எனப் பல கைகள் மாறுகிறது. நிட்டிங் கூடத்தார் பலர் நூலுக்கு உரிமையாளர் அல்லர். கூலிக்குப் பின்னித் தருபவர்கள். அக்கூலி துணிவிலையில் சிறு பங்கே. ஆனால் சாயமேற்றிய பின் குறை கண்டுபிடிக்கப்பட்டால், நூல்விலையும் சாயக்கூலியும் சேர்த்து டெபிட்டாகத் திரும்பி வரக்கூடும். தன் கூலியைப் போலப் பன்மடங்கு இழப்பை ஒரு ரோலுக்காகச் சுமக்க நேர்வது இவ்வமைப்பின் இயல்பு.

குறை எங்கே பிறந்தது என நிறுவுவது எளிதன்று. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உடைய வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். ஒரே ஓர் ஊசியின் கொக்கி பழுதுற்றால் துணியின் நீளம் முழுவதும் ஊசிக்கோடு ஓடும். இது நிட்டிங் குறை என்பதில் ஐயமில்லை. ஓட்டை அவ்வாறன்று: நூலில் முடிச்சு, தவறான இழுவிசை, சாயப்பட்டறையில் துணி கொக்கியில் மாட்டுதல் என மூன்று இடங்களிலும் அது பிறக்கலாம். ஏற்றுமதி வணிகம் கையாளும் நான்கு புள்ளி முறை குறையின் அளவை மட்டுமே எண்ணும். 3 அங்குலம் வரை ஒரு புள்ளி, 9 அங்குலத்துக்கு மேல் நான்கு. எந்தப் பட்டறையில், எந்த மணியில் அது தோன்றியது என்பதற்கு அம்முறையில் கட்டமே கிடையாது. ஆகவே வழக்கு வரும்போது பேரம் பேசும் வலிமையே தீர்ப்பாகிவிடுகிறது.

விலையுயர்ந்த கண்ணும் கட்டாயக் கண்ணும்

துணியைப் பார்க்கும் இயந்திரம் புதியதன்று. 1990களிலேயே இஸ்ரேலின் எல்பிட் விஷன் சிஸ்டம்ஸ் ‘ஐ-டெக்ஸ்’ என்னும் ஆய்வு இயந்திரத்தை விற்றது. ஊஸ்டர், பார்கோ போன்ற நிறுவனங்களும் இத்துறையில் இருந்தன. அவை முதன்மையாக நெய்த துணிக்கும் பெருமுதல் ஆலைக்கும் உரியவை. நான்கைந்து இயந்திரங்களோடு கூலிக்குப் பின்னும் கூடத்தின் கணக்கில் அவை இடம்பெற வழியில்லை.

பிணையத்தோடு இணைந்த கேமரா இவ்வட்டாரத்தின் மீது வேறொரு காரணத்தால் விழுந்தது. நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் முடங்கின. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது; கழிவுநீரை வெளியேற்றுவதில்லை எனக் கூறும் ஆலைகளுக்கு ஓட்ட அளவியும் கேமராவும் வேண்டும் என்றது. கருவி ஆலையினுள் இருக்கும். பதிவு வாரியத்துக்குப் போகும். நொய்யலின் கேட்டைக் கருதினால் அந்த ஏற்பாட்டைக் குறைகூற இயலாது. எனினும் தொழில் செய்வோர் பார்வையில் ‘இணைந்த கேமரா’ என்றால் தம்மைப் பிறர் பார்ப்பது என்ற பொருளே இதனால் வேரூன்றியது எனலாம்.

பலகையின் வருகை

கைக்கடக்கமான லினக்ஸ் கருவிக்கு இந்தியாவில் முன்னோடி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2004இல் சந்தைக்கு வந்தது. நோக்கம் உயர்ந்தது, விற்பனை சொற்பம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்சின் பீகிள்போர்டு 2008இல் 149 டாலருக்கு வந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை 35 டாலருக்கு வெளியானதும், மறு ஆண்டு மே மாதம் அதற்கான 5 மெகாபிக்சல் கேமரா 25 டாலருக்கு வந்ததும் விலைக்கணக்கையே மாற்றின. இத்தகைய பலகைகளுக்குக் கேமரா செய்யும் தொழில் தமிழ்நாட்டிலும் வளர்ந்தது. 2003இல் தொடங்கிய சென்னை இ-கான் சிஸ்டம்ஸ் ‘கம்ஸ்டிக்ஸ்’ என்னும் சிறுபலகைக்குக் கேமரா தயாரித்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ திட்டச் செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியதும் இவ்வரிசையில் சேரும்.

விலை குறைந்ததால் மட்டும் பின்னல் இயந்திரத்துக்குப் பலகை பொருந்திவிடாது. கணக்கு இவ்வாறு: 2,260 ஊசிவரிசைகளை ஒரே படத்தில் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளிகளேனும் ஒதுக்க 6,700க்கு மேற்பட்ட புள்ளி அகலம் தேவை, மேற்சொன்ன கேமராவின் அகலம் 2,592 புள்ளிகளே. ஆனால் சிலிண்டர் சுழலும் வட்டப் பின்னல் இயந்திரத்தில் துணிக்குழலும் அதனோடு சேர்ந்தே சுழல்கிறது. அசையாமல் நிறுத்திய சிறு கேமரா, ஒரு சுற்றில் குழலின் சுற்றளவு முழுவதையும் துண்டு துண்டாகப் பார்த்துவிடும். இயந்திரத்தின் வடிவமே மலிவான கண்ணுக்கு உதவும் இவ்வாய்ப்பு, அகன்று நகரும் நெய்த துணிக்கு இல்லை.

இடர் வேகத்தில் வருகிறது. நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும். ஊசிகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரே ஆதலால், நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே படம் அரை மில்லிமீட்டர் மங்கும். வலிய விளக்கு வேண்டும். வரிவரியாகப் பதியும் கேமராவில் துணி சாய்ந்து தோன்றும். படம் முழுவதையும் ஒருசேரப் பதியும் கேமராவை ராஸ்பெரி பை 2023 மார்ச்சில்தான் 50 டாலருக்குக் கொண்டுவந்தது. லென்சில் பஞ்சு படியும். மின்தடையில் நினைவக அட்டை பழுதாகும். போர்ச்சுகலில் 2018இல் தொடங்கிய ஸ்மார்டெக்ஸ் நிறுவனம் வட்டப் பின்னல் இயந்திரத்தினுள்ளேயே கேமராக்களைப் பொருத்தி விற்பதால், இவை கடக்கக்கூடிய தடைகள் என்பது தெளிவு.

பதிவின் உரிமை

எனவே விற்பனையாளர் பேசும் ‘குறைகண்டறியும் விழுக்காடு’ வரலாற்று மாணவருக்கு முதன்மையானதன்று. ரோல் எண், நேரம், சுற்று எண்ணிக்கை ஆகியவற்றோடு கிரே துணியின் படம் நிட்டிங் கூடத்தார் கையிலேயே இருந்தால், சாயப்பட்டறைக்குப் போகும் முன் ஓட்டை இல்லை என அவர் காட்டலாம். அதே பதிவு ஏற்றுமதியாளரின் கணினிக்கு நேரே சென்றால் அது டெபிட்டுக்கு ஆதாரமாகும். பலகை ஒன்றே, லினக்ஸ் திறந்த மென்பொருள் என்பதால் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளத் தொழில்நுட்பத் தடை இல்லை. ஒப்பந்தத்தில் யார் எழுதுகிறார் என்பதுதான் தடை. செக்கிங் மேசைக்கு மேல் இதே கருவியை மாட்டினால், அது துணியோடு செக்கிங் பெண்களின் கைவேகத்தையும் அளந்துவிடும் என்பதையும் இங்குக் குறிக்க வேண்டும்.

கிரே துணியில் எந்தக் கேமராவுக்கும் எளிதில் புலப்படாத குறை ஒன்று எஞ்சுகிறது. வெவ்வேறு லாட் நூல் கலந்ததால் நேரும் பட்டை பெரும்பாலும் சாயமேறிய பின்னரே வெளித்தெரியும். பின்னிய நாளில் அத்துணி குறையற்றதாகவே படத்தில் இருக்கும். அதற்கான சான்றைக் கேமராவில் தேடிப் பயனில்லை. எந்த ஃபீடரில் எந்த லாட் கோன் ஏற்றப்பட்டது என்று கூடத்தார் எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.