கரடிக்கு ஒரு கிட்டங்கி

டிஸ்கி: வேட்டை, துப்பாக்கி, செத்த கரடி எல்லாம் வரும். பிடிக்காதவங்க இங்கயே அப்பீட் ஆகிக்கலாம்.

வெள்ளிக்கிழமைன்னா எங்க ஆபீஸ்ல டோனட் வரும். மினசோட்டாவுக்கு ஆணி புடுங்க வந்த புதுசுல இதைப் பார்த்து புல்லரிச்சுப் போனவன் நான். டீம்ல ஒரு பெரியவர் இருக்காரு. ரிட்டயர்மெண்டுக்கு ரெண்டு மூணு வருஷம்தான் பாக்கி. சாயங்காலம் ஆனா மிஞ்சின டோனட்டை எல்லாம் டப்பாவோட அள்ளிட்டுப் போவாரு. வீட்ல பேரன் பேத்தி நிறைய போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஒரு ஜூலை மாசம் பார்க்கிங்ல அவர் வண்டிக்குள்ள எட்டிப் பார்த்தா, பின்சீட்டு முழுக்க டோனட், காய்ஞ்ச பன்னு, ரெண்டு பெரிய மூட்டை பாப்கார்ன்.

"யாருக்கு இவ்வளவும்?"

"கரடிக்கு."

அந்த சனிக்கிழமையே அவர் வீட்டு கராஜுக்குப் போனேன். எங்க தாத்தா விருதுநகர்ல மிளகாவத்தல் கிட்டங்கி வச்சிருந்தவரு. எலி, ஈரம், பூஞ்சை, விலை இறக்கம்னு சரக்கைப் பத்தின கவலையிலயே வாழ்ந்த மனுஷன். அமெரிக்காவுல ஒரு கராஜுக்குள்ள நுழைஞ்சதும் தாத்தா ஞாபகம் வரும்னு நான் நினைச்சே பார்க்கலை. மூடி போட்ட டிரம் வரிசையா நிக்குது. ஒண்ணுல பாப்கார்ன், ஒண்ணுல உடைஞ்ச கிரனோலா, ஒண்ணுல பேக்கரி மிச்சம். தனியா வெல்லப்பாகு. ஹோட்டல்ல பொரிச்சு முடிச்ச எண்ணெய் கேன் கேனா. ஃப்ரீசர்ல பன்றிக்கறி பேக்கன். எல்லாத்துக்கும் ஒரு எக்செல் ஷீட்!

அவருக்கு இருக்கற சிக்கல் சுத்தமா சப்ளை செயின் சிக்கல். மினசோட்டால கரடி சீசன் செப்டம்பர் 1ல தொடங்கும். காட்டுக்குள்ள இரை வைக்க ஆகஸ்ட் நடுவுலதான் அனுமதி. எந்த இடத்துல வைக்கறோம்னு அரசாங்கத்துகிட்ட பதிவு பண்ணணும். மக்காத எதையும் வைக்கக்கூடாது, பிளாஸ்டிக்கோ தகரமோ கிடக்கக்கூடாது. ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை போய் நிரப்பணும். ஒரு தடவை காலியா விட்டா கரடி வேற ஆளோட டிரம்முக்குப் போயிடும். அதனால ஜூன்லயே சரக்கு பிடிக்கணும். டோனட் ருசி, ஆனா வெயில்ல பூஞ்சை பிடிக்கும். பாப்கார்ன் கெடாது, கனமும் இல்லை, ஆனா வயித்தை நிரப்பாது, அதனால கரடி திரும்பத் திரும்ப வரும். இதெல்லாம் அவர் சொன்னது. நான் வாயைப் பிளந்துக்கிட்டு கேட்டேன்.

எவ்வளவு வாங்கணும்னு முன்கூட்டி கணக்குப் போடவே முடியாதாம். ஏன்னா போட்டிக்கு காடு இருக்கு. குளிர்காலத்துக்கு முன்னாடி ஒரு கருங்கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரைக்கும் சாப்பிடும். (நம்ம களக்காட்டுப் பக்கம் கரையான் புத்தைத் தோண்டற கரடி வேற ஜாதி.) காட்டுல ஹேசல்நட், ஓக் கொட்டை, பெர்ரி நல்லா காய்ச்ச வருஷம் அது டோனட்டைத் திரும்பிக்கூட பார்க்காது. காய்ப்பு பொய்ச்ச வருஷம் டிரம் ராத்திரியோட ராத்திரியா காலி. மினசோட்டா ஆய்வாளர்கள் நாய்ஸும் கார்ஷெலிஸும் 1997லயே இதை எழுதிட்டாங்க. வருஷா வருஷம் எத்தனை கரடி சுடப்படுதுங்கறதை காட்டோட காய்ப்புதான் பெருமளவு தீர்மானிக்குது.

டோனட் வச்சு சுடறது ஒரு வேட்டையான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. முகத்துல தெரிஞ்சிருக்கும் போல. "இது புதுசு இல்லை, போய்ப் படி"ன்னாரு. போய்ப் படிச்சேன்.

உண்மைதான், புதுசு இல்லை. இந்த வடக்குக் காடுகளோட பூர்வகுடிகள் இரை கட்டி மேல மரக்கட்டை விழற மாதிரி பொறி வச்சு கரடி பிடிச்சிருக்காங்க. ஆனா கூடவே வேற ஒண்ணும் இருந்தது. ஹாலோவெல்னு ஒரு மானுடவியலாளர் 1926ல வடதுருவத்தைச் சுத்தியிருக்கற மக்களோட கரடிச் சடங்குகளைப் பத்தி நீண்ட ஆய்வு ஒண்ணு வெளியிட்டாரு. கரடியை தாத்தான்னு கூப்பிடறது, கொல்றதுக்கு முன்னாடியோ பின்னாடியோ மன்னிப்புக் கேக்கறது, மண்டையோட்டை நாய்க்குப் போடாம மரத்துல கட்டறதுன்னு அதுல வருது. தாத்தாவுக்கு சோறு வச்சுக் கூப்பிட்டு அடிக்கறோமேங்கற உறுத்தலுக்கு அவங்க ஒரு வழி வச்சிருந்தாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

வெள்ளைக்காரங்க வந்ததும் தாத்தா பெருச்சாளி ஆயிட்டாரு. மாடு ஆட்டை அடிக்கும், சோளத்தை அழிக்கும்னு கரடித் தலைக்கு விலை வச்சாங்க. கொன்னுட்டு வந்து காசு வாங்கிக்கலாம். சீசன் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. மெய்ன் மாநிலத்துல இந்த சன்மானம் 1957 வரைக்கும், மினசோட்டால 1965 வரைக்கும் இருந்துச்சு. மினசோட்டா கரடியை முறையான வேட்டை விலங்குன்னு அறிவிச்சது 1971லதான். அதாவது என் பெரியவர் பொறந்தப்ப கரடிக்கு இங்க எலியோட மரியாதைதான்.

எனக்கு சுவாரசியமா பட்ட இடம் இதுதான். சட்டம் வந்ததும் கரடிக்கு மதிப்பு வந்தது. லைசென்ஸ் வந்தது, எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்தது, குலுக்கல் வந்தது. சீசன்னு தேதி குறிச்சதால 'சீசனுக்கு முன்னாடி'ன்னு ஒரு காலமும் பொறந்துச்சு. கராஜும் டிரம்மும் எக்செல்லும் அந்தக் காலத்தோட பிள்ளைங்க. மாநிலத்துக்கு மாநிலம் அது மாறும். மெய்ன்ல சீசனுக்கு 30 நாள் முன்னாடி இரை வைக்கலாம். விஸ்கான்சின்ல ஏப்ரல் 15லேர்ந்தே வைக்கலாம்! ஒரு இடத்துல 10 கேலன் வரைக்கும், மிருகக் கழிவு கூடாது, பள்ளத்துலயோ பொந்து விழுந்த கட்டைக்குள்ளயோ வச்சு மேல கல்லு கட்டை வச்சு மூடணும்.

வாத்துக்கு மட்டும் இதெல்லாம் நடக்காது. தானியத்தைத் தூவி நீர்ப்பறவைகளை வரவழைச்சு சுடறதை 1935லயே மத்திய அரசு தடை பண்ணிடுச்சு. வலசை போற பறவை மத்திய அரசோட பொறுப்பு, கரடி அந்தந்த மாநிலத்தோட பொறுப்பு. அதனால கரடி விஷயம் மாநிலம் மாநிலமா ஓட்டுப் பெட்டிக்கு வந்தது. 1992ல கொலராடோ மக்கள் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் இரை வேணாம்னு ஓட்டுப் போட்டாங்க. மாநில அரசோட கரடி ஆய்வாளரா இருந்த டாம் பெக்கே இரை வைக்கறதை எதிர்த்தவரு. 1994ல ஓரிகன், 1996ல வாஷிங்டன். அதே 1996ல மிச்சிகனும் ஐடஹோவும் தடை வேணாம்னுட்டாங்க. மெய்ன்ல 2004லயும் 2014லயும் ரெண்டு தடவை முயற்சி. ரெண்டு தடவையும் ஏறக்குறைய 53க்கு 47ன்னு தடை தோத்துச்சு. 2014ல மாநில வனவிலங்குத் துறையே தடைக்கு எதிரா பிரச்சாரத்துல இறங்கி, அது கோர்ட் வரைக்கும் போச்சு. துறை சொன்ன காரணம்: மெய்ன் காடு அடர்த்தி, அங்க சுடப்படற கரடியில பெரும்பகுதி இரை வச்ச இடத்துலதான், அதை நிறுத்தினா எண்ணிக்கை கைமீறிப் போகும்.

என் பெரியவர் கட்சியும் ஏறக்குறைய அதுதான். கூடவே ஒண்ணு சொன்னாரு. "இரை இருந்தா பத்து நிமிஷம் நிதானமா பார்ப்பேன். குட்டி இருக்கான்னு தெரியும். புதருக்குள்ள ஓடற கரடியைச் சுடறவனுக்கு அது தெரியாது." இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னிக்கு வரைக்கும் இல்லை.

ஆனா அவர்கிட்ட பதில் இல்லாத விஷயமும் இருந்துச்சு. 2014 செப்டம்பர்ல நியூ ஹாம்ப்ஷயர்ல இரை வச்ச இடத்துல நாலு கரடி செத்துக் கிடந்தது. ரெண்டு தாய், ரெண்டு குட்டி. குண்டு கிண்டு எதுவும் இல்லை. அங்க வச்சிருந்தது 90 பவுண்டு சாக்லேட்டும் டோனட்டும். சாக்லேட்ல இருக்கற தியோபுரோமின் நாய்க்கு விஷம்னு எல்லாருக்கும் தெரியும். கரடிக்கும் விஷம்னு இந்த நாலும் செத்துதான் ஊருக்குத் தெரிஞ்சது. மலிவா கிடைக்குதுன்னு வாங்கிப் போட்ட சரக்கு. அப்புறம் அந்த மாநிலமே இரையில சாக்லேட்டைத் தடை பண்ணிடுச்சு.

இதைவிட என்னைப் போட்டு ஆட்டினது 2017ல விஸ்கான்சின் பத்தி வந்த ஒரு ஆய்வு. கரடிகளோட முடியை வச்சு அது என்ன சாப்பிட்டு வளர்ந்ததுன்னு கண்டுபிடிக்கறாங்க. வடக்கு விஸ்கான்சின் கரடிகளோட சாப்பாட்டுல 40 சதவீதத்துக்கு மேல மனுஷன் போட்டது! நாம இரைன்னு சொல்றோம், கரடிக்கு அது ரேஷன் கடை. நல்லா தின்ன பெண் கரடி சீக்கிரம் குட்டி போடும், நிறைய போடும். எண்ணிக்கையைக் குறைக்கத்தான் வேட்டை, வேட்டைக்குத்தான் இரைன்னு ஆரம்பிச்சா, அந்த இரையே எண்ணிக்கையை ஏத்துதோங்கற கேள்வி வருது. நம்ம பாஷைல சொன்னா, பக்கை ஃபிக்ஸ் பண்ண எழுதின கோடே பக்கை உற்பத்தி பண்ணுது.

சரி, நிறுத்திடலாமேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. அப்புறம் யெல்லோஸ்டோன் கதையைப் படிச்சேன். அங்க பூங்காவோட குப்பை மேட்டுல கிரிஸ்லி கரடிங்க பல பத்து வருஷமா தின்னு பழகியிருந்துச்சு. ஒரு காலத்துல ஜனங்க உக்காந்து வேடிக்கை பார்க்க பெஞ்செல்லாம் போட்டிருந்தாங்க. 1970 வாக்குல குப்பை மேடுகளை மூட முடிவு பண்ணினப்ப, 1959லேர்ந்து அந்தக் கரடிகளை ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கிரெய்க்ஹெட் சகோதரர்கள், படிப்படியா குறைங்கய்யான்னு கத்தினாங்க. பூங்கா கேக்கலை, சட்டுனு மூடிச்சு. பசியில கூடாரத்துக்கும் ஊருக்கும் வந்த கரடிகள் வரிசையா கொல்லப்பட்டுச்சு. 1975ல கிரிஸ்லியை அழியும் அபாயப் பட்டியல்ல சேர்க்க வேண்டியதாயிடுச்சு. கிட்டங்கியைத் திறக்கறது சுலபம். சாவியை எப்ப, எப்படித் திரும்ப வாங்கறதுங்கறதுதான் வம்பு.

இதையெல்லாம் லஞ்ச்ல அவர்கிட்ட கொட்டினேன். அமைதியா கேட்டாரு. விஸ்கான்சின் கணக்குக்கு மட்டும் கொஞ்ச நேரம் சாண்ட்விச்சைக் கீழ வச்சாரு. "அங்க ஏப்ரல்லேர்ந்து வைக்கறாங்க. நாங்க ரெண்டு வாரம்தான்"னாரு. அது நியாயமான வித்தியாசம்தான். பதிலா இல்லை தப்பிக்கறதுக்கா, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை.

அந்த வருஷம் ஹேசல்நட் நல்ல காய்ப்பு. அவருக்குக் கரடி மாட்டலை. மிச்ச சரக்கைக் காட்டுல விட்டுட்டு வராம டிரம் டிரம்மா திருப்பித் தூக்கிட்டு வந்தாரு. முதுகு பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் லீவு.

இப்ப மறுபடி ஜூலை. இந்த வெள்ளிக்கிழமை எட்டு டோனட் மிச்சம். சாக்லேட் தடவினது ரெண்டை எடுத்துத் தனியா வச்சுட்டு, மத்ததை டப்பால போட்டு அவர் மேஜை மேல வச்சேன். வைக்கலாமா வேணாமான்னு டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன்ங்கறதையும் சொல்லிடறேன்.