நெய்யாற்றுக் கரையில் நெய்யும் தோலும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் நாற்பது வருஷமாக நெய், நல்லெண்ணெய் வியாபாரம் செய்து பிழைத்து வருகிறேன். பூர்வீகம் வந்தவாசிப் பக்கம். பள்ளிப் படிப்போடு சரி. மற்றதெல்லாம் கடையில் கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் படித்தது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, தெரிந்த சரக்கைப் பற்றியே எழுதுவது என்று துணிந்தேன்.

நெய்யாறு என்ற பெயருக்கு இங்கே ஒரு கதை உண்டு. அகத்தியர் மலைமேல் வேள்வி செய்தபோது சொரிந்த நெய் ஆறாகப் பெருகிற்றாம். ஆறு அகத்தியமலையில் பிறப்பது உண்மை. நெய் ஓடியது கதை. ஆனாலும் ஊருக்கும் நெய்க்கும் ஒட்டு இருக்கத்தான் செய்கிறது. மார்த்தாண்ட வர்மா (1729–1758) காலத்தில் எழுந்த கிருஷ்ணசாமி கோயிலில், கண்ணன் திருக்கையில் வெண்ணெய் வைப்பதே பெரிய வழிபாடு.

எங்கள் சமணர் வழக்கு இதற்கு நேர் எதிர். வெண்ணெய் விலக்கு. கடைந்தெடுத்தால் ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது 48 நிமிஷத்துக்குள், உருக்கிவிட வேண்டும். நீர்ப்பசை உள்ள வெண்ணெயில் நுண்ணுயிர் பெருகும் என்பது காரணம். நீர் வற்றிய நெய்தான் கெடாமல் நிற்கும் என்பதை வியாபாரியும் அறிவான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலையில், 9-ஆம் நூற்றாண்டில் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண்துறவி பகவதிக்குப் பொன் அளித்ததைச் சொல்கிறது. அந்தக் குரத்திமாரும் நெய்யை இப்படித்தான் கைக்கொண்டிருப்பார்கள் என்று மலையேறும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

சரி, நெய் யாருக்குப் போயிற்று? சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். தினம் ஓர் உழக்கு நெய். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால்தான் சாவா மூவாப் பேராடு என்றார்கள். விளக்குக்கும், கோயிலுக்கும், உள்ளவர் இலைக்கும் போனது போக, ஆடு மாடு மேய்த்தவன் பிள்ளைக்குக் கிடைத்தது கடைந்தெடுத்த மோர். கொழுப்பு மேலே போய்விட்டது பாருங்கள்!

அந்தப் பிள்ளைகளின் தோல் எப்படி இருந்தது? முழங்கையிலும் முழங்காலிலும் மயிர்க்கால்தோறும் முள்ளுமுள்ளாகத் தடிக்கும். 1933-ல், கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் இதற்கு ஃப்ரைனோடெர்மா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'தேரைத் தோல்' என்று பொருள். வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று கருதினார். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டு முதலானோர் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடமும் இதைக் கண்டார்கள். வைட்டமின் ஏ நெய்யில் உண்டு. ஆகவே நெய் கொடுத்தால் தோல் தேறும் என்றே பலரும் எண்ணினார்கள். நானுந்தான்.

1980-களில் ஒரு நாள், கூலிவேலை செய்யும் அம்மா ஒருத்தி பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "அண்ணாச்சி, பிள்ளைக்குத் தேரை விழுந்திருக்குன்னு சொல்லுதாவ, கையெல்லாம் முள்ளா இருக்கு" என்றாள். எனக்கோ ஒரே குஷி, புஸ்தகத்தில் படித்தது நேரில் வந்துவிட்டதே என்று. தினம் ஒரு கரண்டி நெய் போடு என்று சொல்லி, கடனாகவே கொடுத்தேன். மூன்று மாசம் கொடுத்தாள். முள் போகவில்லை. அவள் கடனை அடைத்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு டாக்டர் விளக்கினார். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே நடந்த ஆய்வுகளில், இந்தத் தோலுக்கு வைட்டமின் ஏ மட்டும் காரணமல்ல, உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பமிலங்களும் பி தொகுதி வைட்டமின்களும் குறைவதே பெரும்பாலும் காரணம் என்று தெரிந்தது. குசும்பா எண்ணெய் கொடுத்தபோது பிள்ளைகள் தேறினார்கள். அந்தக் கொழுப்பமிலமான லினோலிக் நெய்யில் நூற்றுக்குச் சுமார் 2 பங்குதான். தேங்காயெண்ணெயிலும் அவ்வளவே. நல்லெண்ணெயிலோ சுமார் 40 பங்கு! தென்னை நாட்டில், மரவள்ளிக் கிழங்கும் தேங்காயுமாய் வளர்கிற பிள்ளைக்கு மேலும் நெய் ஊற்றி என்ன பயன்? பக்கத்துத் தகரத்திலேயே நல்லெண்ணெய் இருந்தது. அதை நான் சொல்லவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது. தாயும் பிள்ளையும் பிற்பாடு ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

மரவள்ளி இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கும் ஒரு சரித்திரம். விசாகம் திருநாள் மகாராஜா (1880–1885) பரப்பினார். 1942-ல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஏழைகளுக்கு அதுவே சோறாயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பாறசாலையில் ஒரு சட்டம், களியக்காவிளையில் ஒரு சட்டம் ஆனாலும் கிழங்கு இருபுறமும் ஒன்றுதான்.

நெய்யை நான் தாழ்த்துவதாக எண்ண வேண்டாம். ஆயுர்வேதத்தில் சததௌத கிருதம் என்று ஒன்று உண்டு. செம்புப் பாத்திரத்தில் நெய்யைத் தண்ணீர் விட்டு நூறு தடவை தேய்த்துக் கழுவினால் மணல் மணலான பதம் போய், வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாய் வெளுத்து வரும். தீப்புண்ணுக்கும் வெடிப்புக்கும் பூசுவார்கள். தோல் வியாதிக்கு உள்ளே கொடுக்க வேம்பு முதலிய கசப்புகள் சேர்ந்த பஞ்சதிக்தக கிருதம் தனி. அதில் நெய் மருந்தைச் சுமக்கும் வண்டி. என்னைப் போன்ற வியாபாரிகள்தான் வண்டியையே மருந்தாக்கி விற்றோம்.

முகப்பரு பற்றியும் கேட்கிறார்கள். 2005-ல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு ஒன்று, இளவயதில் குடித்த பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு கண்டது. அதுவும் ஆடை நீக்கிய பாலில்தான் தொடர்பு கூடுதலாம். அப்படியானால் பழி பால்கொழுப்பின் மேல் விழாது. பாலிலுள்ள புரதம், ஹார்மோன் பக்கம் சந்தேகம் திரும்பியிருக்கிறது. முடிவு இன்னும் தெளியவில்லை.

பனிமாதத்தில் கால்வெடிப்புக்கு நெய் வேண்டும் என்று இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். "பூசவா, திங்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசில் வைக்கிறேன். பிள்ளைக்கு என்றால், கையை நீட்டச் சொல்லி முழங்கையைத் தடவிப் பார்க்கிறேன்.