மாதிரி என்ற சொல்லும் மலைநாட்டுக் கணக்கும்

வெலிமடைக்குப் பக்கத்திலுள்ள கெப்பெட்டிபொல பொருளாதார மையத்தில் உருளைக்கிழங்கு மூட்டையைக் கொட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? கைக்கு வந்த நாலைப் பார்த்து விலை பேசுவார்கள். அந்த நாலுக்குப் பெயர் மாதிரி.

தெலுங்கிலும் மலையாளத்திலும் இது மாதிரிதான், கன்னடத்தில் மாதரி. முழுதைக் காட்ட எடுத்த சிறுபகுதி என்பது ஒரு பொருள், போன்றது என்பது இன்னொன்று. பேச்சில் அது ‘மாரி’ என்று தேய்ந்தும் இரண்டாவது பொருளை விடவில்லை. அப்பா மாதிரி இருக்கும் பிள்ளை அப்பா அல்ல. புள்ளிவிபரவியலின் அடிப்படைப் பாடம் இந்த ஒரு சொல்லுக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

முழுதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘முழுமைத் தொகுதி’ என்கின்றன. நம் இலங்கையில் ‘குடித்தொகை’. கிழங்கு மூட்டையானாலும் குடித்தொகைதான். குடிகளை எண்ணிய காலத்தின் தடம் அந்தச் சொல்லில் இருக்கிறது. முழுதின் சராசரியைப் போன்ற அளவு ‘பரமானம்’. மானம் என்றால் அளவு. ஒரு குறித்த நேரத்தில் அது ஒன்றே, மாறாதது, நம் கண்ணுக்குத் தெரியாதது. மாதிரியின் சராசரியோ கைக்குக் கை மாறும். மாறுகிற ஒன்றை வைத்து மாறாத ஒன்றை மதிப்பிடுகிறோம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே கொதி. மூட்டையின் வாயில் பெரிய கிழங்கும் அடியில் பொடியும் கிடந்தால் நாலு கிழங்கு பதம் சொல்லாது.

நாடும் ஒரே கொதி வெந்த பானை அல்ல. 2012 தொகைமதிப்பில் தோட்டத்துறையில் வாழ்ந்தோர் 4.4 சதவீதம். நாடெங்கும் கண்ணை மூடி 100 வீடு பொறுக்கினால் நாலைந்து வீடுதான் தோட்டத் தொழிலாளர் லயங்களில் இருக்கும். அந்த நாலைந்தை வைத்து பதுளை மலைத் தோட்டங்களின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அதனால்தான் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமான, செலவின ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துத் தனித்தனியாக மாதிரி எடுக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாமல், குடியிருக்கும் தொழிலாளர் 10 பேராவது இருந்தால் அது தோட்டம்.

அடுத்த முறை வறுமைக் கணக்கு செய்தியில் வந்தால், அது எந்தக் குடித்தொகைக்கு என்று கேளுங்கள். 2019 ஆய்வின்படி நாடு முழுவதற்கும் 14.3 சதவீதம், தோட்டத்துறைக்கு 33.8.