வயற்காவல் வெளிச்சம்: குப்பி லாம்பிலிருந்து ஹெட் டோர்ச் வரை



கதிர் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டது. யானையும் பன்றியும் வயலுக்கு இறங்கும் காலமும் இதுதான். இந்த வாரம் மட்டும் நம்மவர்கள் மூன்று பேர், "சேர், காவலுக்கு நல்ல ஹெட் டோர்ச் எது?" என்று எங்களிடம் கேட்டுவிட்டார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்களிடம் கேட்டால் பதிலும் வரலாற்றோடுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமது நாட்டில் வயற்காவல் பழைய வேலை. 1660இல் கொட்டியாரக்குடாவில், அதாவது இன்றைய மூதூர்ப் பக்கத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருடங்களுக்கு மேல் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தப்பிப்போய் 1681இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். மக்கள் இரவில் கண்விழித்து விளைச்சலைக் காட்டு விலங்குகளிடமிருந்து காத்ததை அவரும் எழுதியிருக்கிறார். அன்றைக்கு நெருப்பும் கூக்குரலும்தான் ஆயுதம்.

நமது மூத்தவாப்பாமார் காலத்தில் பரணுக்குக் கீழே கட்டை எரியும், மேலே குப்பி லாம்பு. கொஞ்சம் வசதியென்றால் அரிக்கன் லாம்பு. காற்றுக்கு அணையாது, ஆனால் வெளிச்சம் வரம்பின் அடுத்த வளைவுக்கே போகாது. போடியார் வீட்டில் கல்யாணம், கந்தூரி என்றால் பெற்றோமெக்ஸ் வரும். 1910 அளவில் பேர்லினில் மெக்ஸ் கிரெட்ஸ் உருவாக்கிய விளக்கு அது. அதன் வெள்ளை வெளிச்சத்தின் இரகசியம் மென்டிலில் இருக்கிறது. 1885இல் ஒஸ்திரியாவின் கார்ல் அவர் கண்டுபிடித்த அந்த வலை, பிறகு 99 சதவீதம் தோரியம் ஒக்சைட்டாகவே செய்யப்பட்டது. தோரியம் நிறைந்த தோரியனைட் என்ற கனிமம் 1904இல் முதன்முதலாக அறியப்பட்டது நமது இலங்கையில்தான். அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் கலை வரலாற்றால் உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. பேருவளைக் கடற்கரை மணலில்கூட தோரியம் உள்ள மொனசைட் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

ஆனால் பெற்றோமெக்ஸைத் தூக்கிக்கொண்டு வரம்பில் நடக்க முடியாது. ஒரு தடுக்கு தடுக்கினால் மென்டில் உதிர்ந்துவிடும். அதற்குமேல் ஒரு கை அதற்கே போய்விடும். காவல்காரனுக்கு இரண்டு கையும் வேண்டும்: தடி பிடிக்க, யானை வெடி கொளுத்த, மடை திறக்க, சறுக்கினால் ஊன்ற.

இந்தக் கைப் பிரச்சினையை முதலில் தீர்த்தவர்கள் விவசாயிகளல்ல, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். ஸ்கொட்லாந்தில் 1850 அளவில் சிறிய தேநீர்க் கேத்தல் போன்ற எண்ணெய் விளக்கைத் தொப்பியில் கொழுவிக்கொண்டார்கள். நமது குப்பி லாம்பின் சகோதரன்தான். 1900இல் அமெரிக்காவில் போல்ட்வின் என்பவர் காபைட் விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். மாம்பழம் பழுக்க வைக்கச் சிலர் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கல்தான். அதில் தண்ணீர் சொட்டினால் வாயு வரும், கொளுத்தினால் பளீரென்று எரியும். கஷ்டம் என்னவென்றால் சுரங்கத்துக்குள்ளும் வெடிக்கும் வாயு இருந்தது. 1812இல் இங்கிலாந்தின் ஃபெலிங் சுரங்கத்தில் ஒரே வெடிப்பில் 92 பேர் மௌத்தாகியிருந்தார்கள். நெற்றியில் நெருப்பை வைத்துக்கொண்டு அங்கே போவது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

1914 அளவில் இரண்டு சுரங்கப் பொறியியலாளர்கள் தோமஸ் எடிசனிடம் போனார்கள். எடிசன் இடுப்பில் பெட்டரி, நெற்றியில் மின்குமிழ் என்று ஒரு விளக்கைச் செய்து கொடுத்தார். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதன் பிரகாசமல்ல. ஒரு தடவை சார்ஜ் செய்தால் 12 மணித்தியாலம் எரிந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவன் வெளியே வரும்வரை அணையக்கூடாது என்பதுதான் கணக்கு.

நமது வயல்களுக்கு அந்த வசதி வர நீண்ட காலம் எடுத்தது. யுத்த காலத்தில் இரவில் வயலில் டோர்ச் அடிப்பதே ஆபத்து, எந்தப் பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். பல காணிகளுக்குப் பகலிலேயே போக முடியாமல் இருந்தது. யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது கையில் எல்ஈடி இருந்தது. 1993இல் ஜப்பானின் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்ஈடியைச் செய்து காட்டியிராவிட்டால் இன்றைய வெள்ளை வெளிச்சமே இல்லை. 2014இல் அவருக்கும் அகசாகி, அமானோ இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடிப்பு நல்லது, வியாபாரத்தில்தான் பொய். சென்ற போகத்தில் மாமாவோடு காவலுக்குப் போனோம். மாமா புதிதாக வாங்கிய ஹெட் டோர்ச், பெட்டியில் பெரிய பெரிய எண்கள். இரவு ஒரு மணிக்கு மங்கியது, பத்து நிமிடத்தில் செத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கரும்பு முறிவதுபோல் சத்தம். தூரம் எவ்வளவு என்று தெரியவில்லை. பரணிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸுபஹ் வரை உட்கார்ந்திருந்தோம். இறங்கியிருந்தால் இதை எழுத நாங்கள் இருந்திருப்போமோ, அல்லாஹ்தான் அறிவான்.

ஆகவே முதலில் மணித்தியாலத்தைக் கேளுங்கள். இஷாவிலிருந்து ஸுபஹ் வரை ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல். தடித்த 18650 பெட்டரி ஒன்றில் உண்மையில் இருப்பது அதிகபட்சம் 3500 மில்லிஅம்பியர் மணி அளவுதான். அதில் 9800 என்று அச்சடித்திருந்தால் பொய், கீழே வையுங்கள். நல்ல பெட்டரி ஒன்று 100 லூமன் அளவு வெளிச்சத்தைச் சுமார் பத்து மணித்தியாலம் தாங்கும். 1000 லூமனில் அதே பெட்டரி ஒரு மணித்தியாலம்தான். நடக்க 100 தாராளம், பெரிய வெளிச்சம் தேவைப்பட்டால் ஒரு நிமிடம் அடித்துவிட்டு அணையுங்கள். பெட்டியில் "200 மீட்டர்" என்று போட்டிருந்தாலும் ஏமாறாதீர்கள். டோர்ச்சுகளுக்கான அளவுகோலின்படி அது வெளிச்சம் முழுநிலவின் அளவுக்குக் குறையும் தூரம். நிலவில் யானையை எவ்வளவு தெளிவாகப் பார்ப்பீர்கள்? யானை எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே அறியத்தான் வெளிச்சம், அதன் பக்கத்தில் போவதற்கல்ல.

தூரம் போகும் கதிர் மட்டும் போதாது, காலடிக்குப் பரவும் வெளிச்சமும் வேண்டும். வரம்பில் நம்மைக் கடிப்பது யானையல்ல, கண்ணாடி விரியன். இன்னொன்று, கண்ணுக்கு நேரே மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் நிழல் தெரியாது, குழியும் மேடும் ஒன்றுபோலத் தோன்றும். அதனால் சந்தேகமான இடத்தில் டோர்ச்சைக் கழற்றி இடுப்பளவில் பிடியுங்கள், குழி உடனே தெரியும். பூச்சி முகத்தில் மொய்த்தாலும் அதே வைத்தியம். சிவப்பு வெளிச்சம் இருந்தால் பரணில் அதையே பாவியுங்கள். வெள்ளையைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மழைக்கு ஐபிஎக்ஸ்4 போதும், வாய்க்காலில் விழக்கூடியவர்கள் ஐபிஎக்ஸ்7 பாருங்கள்.

வாங்கிய அன்றே வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம். இஷா தொழுதுவிட்டு வந்து வேலைக்கு எரிக்கும் அளவில் போட்டு முற்றத்தில் வையுங்கள். ஸுபஹுக்கு எழும்பும்போது எரிந்துகொண்டிருந்தால் சரி. இல்லாவிட்டால் பெட்டியும் பில்லும் கையிலிருக்கும்போதே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.