குதிரையின் விலையும் கொடுக்கல் வாங்கலின் அமானிதமும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நம் ஊர்களில் ஆட்டு வியாபாரம் களைகட்டுகிறது. பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கையிலேயே ஆட்டைப் பார்த்து, விலை பேசி, அச்சாரமாக ஒரு தொகையைக் கையில் வைத்துவிட்டு, "பெருநாளுக்கு முந்திய நாள் வந்து ஓட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லி வருவோர் பலர். இடையில் அந்த ஆடு நோயுற்று இறந்துவிட்டால் இழப்பு யாருடையது? வாங்குபவர் மனம் மாறினால் கொடுத்த அச்சாரம் திரும்ப வருமா? இவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் சொல் தடித்து, பல்லாண்டு நட்பும் உறவும் கசந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம்.

இக்கேள்விகள் பழமையானவை. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க நாட்களில் இவை ஆட்டைவிடப் பன்மடங்கு விலைமதிப்புள்ள ஒரு பிராணியை முன்னிட்டு எழுந்தன. அது குதிரை. பயணத்திற்கும் போருக்கும் இன்றியமையாதது, விலை மிக்கது, எளிதில் காயமடையக் கூடியது. ஆகவே குதிரையை விலை பேசுவதும், பணம் கொடுப்பதும், கைமாற்றிக்கொள்வதும் மனிதர்களின் நாணயத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக அமைந்தன. அத்தகைய சில நிகழ்வுகளை இங்கு நினைவுகூர்வோம்.

பணம் கொடுக்கச் சென்ற வழியில்

முதல் நிகழ்வு மதீனாவில் நடந்தது. நபி (ஸல்) அவர்கள் கிராமவாசி ஒருவரிடம் குதிரை ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். விலையைப் பெற்றுக்கொள்ளத் தம்மைப் பின்தொடர்ந்து வருமாறு கூறிவிட்டு விரைந்து நடந்தார்கள். கிராமவாசியோ மெதுவாக வந்தார். வழியில் நின்றவர்களுக்குக் குதிரை விற்கப்பட்டுவிட்டது என்பது தெரியாது. அவர்கள் அவரை நிறுத்தி விலை கேட்கலாயினர். சிலர் பேசி முடித்த விலையைவிடக் கூடுதலாகவும் கேட்டனர். கிராமவாசியின் மனம் தடுமாறியது. "வாங்குவதானால் வாங்கிக்கொள்ளும், இல்லையேல் விற்றுவிடுவேன்" என்னும் பொருள்பட நபியவர்களை நோக்கிக் குரல் கொடுத்தார். தாம் அதை ஏற்கனவே வாங்கிவிட்டதாக நபியவர்கள் கூறியபோது, தாம் விற்கவே இல்லை என்று சத்தியம் செய்து மறுத்தார். சாட்சி இருந்தால் கொண்டுவாரும் என்றும் கேட்டார்.

அந்த வியாபாரம் நடந்தபோது அருகில் எவரும் இருக்கவில்லை. அப்போது குஸைமா இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் முன்வந்து, விற்பனை நடந்தது என்று சாட்சி கூறினார்கள். நேரில் காணாத ஒன்றுக்கு எவ்வாறு சாட்சி கூறுகிறீர் என்று நபியவர்கள் வினவினார்கள். தங்களை உண்மையாளர் என்று நம்புவதனாலேயே கூறுகிறேன் என்று அவர் விடையளித்தார். அன்று முதல் அவருடைய சாட்சியம் இருவரின் சாட்சியத்திற்கு நிகராக ஆக்கப்பட்டது. அபூதாவூத், நஸாயீ ஆகிய தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் குர்ஆனைத் தொகுத்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள், அஹ்ஸாப் அத்தியாயத்தின் வசனம் ஒன்றைக் குஸைமாவிடம் பெற்றபோது அவரை இச்சிறப்பைக் கொண்டே குறிப்பிட்டார்கள்.

இந்நிகழ்வைக் குஸைமாவின் ஈமானுக்குச் சான்றாக நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். கொடுக்கல் வாங்கலின் கண்கொண்டும் இதைப் பார்க்க வேண்டும். விலை பேசிய இடத்திற்கும் பணம் கைமாறும் இடத்திற்கும் இடையே இருந்தது சிறிது தூரமே. அந்தச் சிறிது தூரத்திற்குள் ஒருவரின் வாக்கு மாறிவிட்டது. எதிரில் இருந்தவர் அல்லாஹ்வின் தூதராக இருந்தும் சாட்சி கேட்கப்பட்டது. கேட்டதற்காக அந்தக் கிராமவாசி தண்டிக்கப்படவும் இல்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும், வியாபாரம் செய்யும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் கற்பிக்கும் வசனம், குர்ஆனின் மிக நீண்ட வசனமாக (2:282) அமைந்திருப்பதன் தேவை இங்கே விளங்குகிறது. குஸைமாவுக்குக் கிடைத்த சிறப்பு அவருக்கே உரியது. நமக்கோ எழுத்தும் இரு சாட்சிகளும் வேண்டும்.

ஓட்டிப் பார்க்க எடுத்த குதிரை

இரண்டாவது நிகழ்வு கலீஃபா உமர் (ரலி) அவர்களுடையது. அவர்கள் ஒருவரிடம் குதிரைக்கு விலை பேசினார்கள். வாங்குமுன் அதைச் சோதித்துப் பார்க்க ஒருவரை ஏற்றி ஓடவிட்டார்கள். ஓட்டத்தில் குதிரை காயமுற்றது. உமர் அவர்கள் குதிரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார்கள், உரிமையாளர் மறுத்தார். நடுவர் ஒருவரை ஏற்போம் என்று முடிவாயிற்று. உரிமையாளர் ஷுரைஹ் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்.

ஷுரைஹ் வழங்கிய தீர்ப்பு சுருக்கமானது: குதிரையை நல்ல நிலையில் பெற்றீர், ஆகவே அதே நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்சியாளருக்கு எதிரான அத்தீர்ப்பை உமர் (ரலி) அவர்கள் மனமார ஏற்றதோடு, தீர்ப்புச் சொன்னவரைக் கூஃபாவின் காழியாகவும் நியமித்தார்கள். அவர் பன்னெடுங்காலம் அப்பதவியில் இருந்தார்.

பணம் கொடுக்கவில்லை, வியாபாரமும் முடியவில்லை. ஆயினும் பொருள் கைக்கு வந்த கணத்திலேயே பொறுப்பும் கைக்கு வந்துவிட்டது. "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று பிறர் பொருளை எடுத்துச் செல்லும் எவரும் மறக்கலாகாத நெறி இது. இன்று பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்க எடுப்பவருக்கும் இதே கேள்விதான்.

முந்நூறும் எண்ணூறும்

மூன்றாவது நிகழ்வு பணம் கொடுக்கும் தருணத்தைப் பற்றியது. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்கள் தமக்கு ஒரு குதிரை வாங்கி வருமாறு தம் பணியாளரிடம் கூறினார்கள். அவர் முந்நூறு திர்ஹத்திற்கு ஒன்றை விலை பேசி, பணம் பெற்றுக்கொள்வதற்காக உரிமையாளரையும் உடன் அழைத்து வந்தார். ஜரீர் குதிரையைப் பார்த்தார்கள். அது அவ்விலையைவிட உயர்ந்தது என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. "உம் குதிரை இதைவிட மதிப்புடையது, நானூறுக்குத் தருவீரா?" என்று தாமே கேட்டார்கள். உரிமையாளர் இசைந்தார். பின்னரும் நூறு நூறாக உயர்த்தி, முடிவில் எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். காரணம் வினவப்பட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் செய்துகொடுத்த உறுதிமொழியைச் சுட்டிக்காட்டினார்கள். தப்ரானீ பதிவு செய்த இச்செய்தியை இமாம் நவவீ தம் முஸ்லிம் விரிவுரையில் எடுத்துரைக்கிறார்.

சட்டப்படி முந்நூறு கொடுத்திருந்தால் போதும். குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. ஆனால் எதிரில் நிற்பவரின் அறியாமையை இலாபமாக்கிக்கொள்ள ஜரீர் விரும்பவில்லை. சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பால் நஸீஹத் எனும் நலம் நாடல் தொடங்குகிறது.

அச்சாரம்

நாம் அச்சாரம் என்பதை அரபியர் 'அர்பூன்' என்றனர். வாங்குபவர் ஒரு சிறு தொகையை முன்னதாகக் கொடுக்கிறார். பொருளை எடுத்துக்கொண்டால் அது விலையில் கழியும். எடுக்காவிட்டால் விற்பவருக்கே சேரும். இமாம் மாலிக் தம் முவத்தாவில் இதை விளக்கும்போது, வாகனப் பிராணியை வாடகைக்கு அமர்த்துவதையும் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் அறிஞர்கள் இம்முறையை ஏற்கவில்லை. ஈடு எதுவுமின்றி ஒருவர் பணம் மற்றவரிடம் சேர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று. இமாம் அஹ்மத் இதை அனுமதித்தார்கள். உமர் (ரலி) அவர்களின் மக்கா ஆளுநர் நாஃபிஉ, சிறைச்சாலைக்காக ஸஃப்வான் இப்னு உமய்யாவின் வீட்டை வாங்கியபோது, கலீஃபா ஒப்பாவிட்டால் ஸஃப்வானுக்கு நானூறு சேரும் என்று பேசிக்கொண்டதை அவர்கள் சான்றாகக் கொண்டார்கள்.

இங்கும் நாம் காழி ஷுரைஹைச் சந்திக்கிறோம். ஒருவர் சவாரிப் பிராணிகளை வாடகைக்குப் பேசி, குறித்த நாளில் தாம் புறப்படாவிட்டால் நூறு திர்ஹம் தருவதாக ஒப்புக்கொண்டார், ஆனால் புறப்படவில்லை. எவருடைய வற்புறுத்தலுமின்றித் தாமே விதித்துக்கொண்ட நிபந்தனை தம்மையே கட்டுப்படுத்தும் என்று ஷுரைஹ் தீர்ப்பளித்தார். இமாம் புகாரீ இதைத் தம் தொகுப்பில் குறிப்பிடுகிறார். நம் காலத்தில், 1993ஆம் ஆண்டு புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, காத்திருக்கும் காலவரம்பு குறிக்கப்பட்டிருந்தால் அச்சார வியாபாரம் கூடும் என்று முடிவு செய்தது. கருத்து வேறுபாடு உள்ள இவ்விடத்தில் அவரவர் ஆலிம்களிடம் கேட்டு நடப்பதே முறை. ஆனால் காலத்தையும் நிபந்தனையையும் குறிக்காத அச்சாரம் பிணக்கின் விதை என்பதில் ஐயமில்லை.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

இனி நம் கரைக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் காயல் துறைமுகம் செழித்திருந்தது. அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் பாண்டிய நாட்டுக்கு வந்து இறங்கின. குதிரை வீரனைக் குறிக்கும் இராவுத்தர் என்னும் சொல் இன்றும் நம்மவருள் ஒரு பிரிவினரின் பெயராக வழங்குவதை வாசகர்கள் அறிவர்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்த வணிகத்தின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துள்ளார். கீஷ் தீவின் தலைவரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஃபருக்கு, அதாவது நம் சோழமண்டலக் கரைக்கு, அனுப்புவதாக ஏற்பாடு. அவருடைய சகோதரர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசரிடம் அமைச்சராக இருந்து துறைமுகப் பொறுப்பை வகித்தார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என நிலையாக வகுக்கப்பட்டிருந்தது. கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலோ இறந்தாலோ அதற்கும் அரச கருவூலமே விலை கொடுக்கும் என்பது நிபந்தனை.

கடலில் இறந்த குதிரைக்கும் முழு விலை! ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் பொது விதிப்படி, வாங்குபவர் கைக்கு வருமுன் இயல்பாக அழிந்த பொருளின் இழப்பு விற்பவரையே சாரும். காயல் ஒப்பந்தம் அதைத் தலைகீழாக்கி, இழப்பு முழுவதையும் வாங்குபவர் மீது ஏற்றியது. இம்முறை இங்கேயே நின்றுவிடவும் இல்லை. விசயநகர அரசர் நரசிம்மர் ஹுர்முஸ் குதிரைகளை உயிரோடு வந்தாலும் இறந்தாலும் வாங்கிக்கொண்டார் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலைக் காட்டினாலே விலை கிடைத்தது என்றும் போர்த்துகீசியரான நூனிஸ் பதினாறாம் நூற்றாண்டில் எழுதினார்.

அரசர்கள் அறியாமல் ஏமாந்தார்கள் என்று கூறிவிட முடியாது. கடலின் ஆபத்தை அவர்கள் ஏற்றதனாலேயே வணிகர்கள் துணிந்து குதிரைகளைக் கப்பலேற்றினர். விலை தெளிவாக இருந்தது. எண்ணிக்கை தெளிவாக இருந்தது. இழப்பு யாருடையது என்பதும் தெளிவாக இருந்தது. அவ்வகையில் அது நம் வாய்மொழி அச்சாரங்களைவிட மேலான ஒப்பந்தமே.

ஆனால் மார்கோ போலோ கூறும் மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இந்நாட்டு அரசர்கள் ஆண்டுக்கு ஈராயிரம் குதிரைகள்வரை வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். குதிரைக்கு இலாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கு இல்லை. அத்தகையோர் இந்நாட்டிற்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்றும் எழுதுகிறார். இச்செய்தி உண்மையெனில், குதிரை வாழ்வதில் அவர்களுக்கு நன்மை இல்லாமல் போயிற்று. அது மடிந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்க முடியும். முன்னோரின் கடல் வணிகத்தைப் பெருமையோடு பேசும் நாம் இப்பக்கத்தையும் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும். முந்நூறு கேட்டவருக்கு எண்ணூறு கொடுத்த ஜரீர் (ரலி) அவர்களின் வழிக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு!

நமக்குரிய பாடம்

மதீனாவின் குதிரை சாட்சியின் தேவையைக் கற்பிக்கிறது. உமரின் குதிரை, பொருளைக் கையில் வாங்கியவரின் பொறுப்பை உணர்த்துகிறது. ஜரீரின் குதிரை, சட்டத்திற்கு மேலான நலம் நாடலைக் காட்டுகிறது. காயலின் குதிரைகளோ, நிபந்தனை எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒரு தரப்புக்கு இழப்பே இல்லாதபடி அது அமைந்துவிட்டால் மனத்தில் அக்கறை வற்றிப்போகும் என்று எச்சரிக்கின்றன.

ஆகவே இம்முறை குர்பானி ஆட்டுக்கு அச்சாரம் கொடுக்கும்போது ஒரு சிறு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்வோம்: முழு விலை, கொடுத்த தொகை, ஓட்டிச் செல்லும் நாள், அதுவரை ஆட்டுக்குப் பொறுப்பாளர் யார். இருவர் சாட்சியாகக் கையொப்பமிடட்டும். வீடும் மனையும் வாகனமும் வாங்கும்போதும் அவ்வாறே செய்வோம். "நமக்குள் எதற்கு எழுத்து?" என்று கேட்கும் சொந்தக்காரரிடம், அந்த உறவைக் காக்கவே எழுதுகிறோம் என்று பணிவோடு சொல்வோம். எழுதி முடித்தபின், எதிரில் இருப்பவருக்கும் இதில் நலம் உண்டா என்று ஒருமுறை நம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வோம்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் வாய்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.