கொடைக் குருதியும் விலைக் குருதியும்

கைம்மாறு கருதாது அளிப்பது கொடை. பணத்திற்கு அளிப்பது விற்பனை. இவ்விரு சொற்களின் வேறுபாட்டை மறந்ததால் நோய் பரவிய வரலாறு ஒன்று உண்டு. மொழியியல் பயின்ற நான் இன்று மருத்துவ வரலாற்றைப் பேச முற்படுவதற்கு அதுவே காரணம்.

1960களில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வந்த குருதியில் ஒரு பகுதி பணம் பெற்றோர் தந்தது. அவர்களும் ‘கொடையாளர்’ என்றே அழைக்கப்பட்டனர். வறியோர் தீயோர் அல்லர். உண்மையைச் சொன்னால் கூலி கிடைக்காது என்னும் நிலையே தீது. தேசிய நலவாழ்வுக் கழகங்களின் மருத்துவமனையில் இதய அறுவையின்போது குருதி ஏற்றப்பட்டோருள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கல்லீரல் அழற்சிக்கு ஆளாயினர். ஹார்வி ஆல்ட்டர் குழுவினரின் ஆய்வு இதனை வெளிப்படுத்தியது.

1970இல் அம்மருத்துவமனை விலைக் குருதியைக் கைவிட்டது. பரூக் புளும்பர்க் கண்டறிந்த ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜென்’ வழியாக, பி வகைக் கிருமிக்கான சோதனையும் தொடங்கிற்று. நோய் ஏறத்தாழ 10 விழுக்காடாகத் தாழ்ந்தது. அக்காலச் சோதனை நுட்பம் குறைந்தது; ஆதலின் பெரும்பயன் தன்னார்வக் கொடையால் விளைந்ததே என ஆய்வாளர் கருதினர். 1978இல், குருதிப் பையின்மீது ‘பணம் பெற்றவர்’, ‘தன்னார்வலர்’ எனக் குறித்தல் அந்நாட்டில் கட்டாயமாயிற்று. சொல் தன் பொருளை மீண்டும் பெற்றது.

எஞ்சிய நோயோ ஏ வகையும் அன்று, பி வகையும் அன்று என 1975இல் தெளிவாயிற்று. எனவே அதனை ‘ஏ அல்லாத, பி அல்லாத’ அழற்சி என்றனர். எதுவென அறியாதபோது எதுவன்று என்பதையே பெயராக்கிய நேர்மை இது. 1989இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் அக்கிருமியை இனங்கண்டனர். ‘சி’ என்னும் பெயர் நிலைத்தது. 1990 முதல் குருதிச் சோதனையும் வந்தது. ஆல்ட்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகியோர் 2020இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மாணவர்களே, இன்றைய சோதனைகள் மிக நுட்பமானவை. ஆயினும், கிருமி தொற்றிய தொடக்க நாள்களில் அது சோதனைக்குப் புலப்படாத இடைவெளி ஒன்று உண்டு. அப்போது குருதி பெறுபவரைக் காப்பது, கொடுப்பவர் வினாத்தாளில் எழுதும் உண்மையே. நாளை நீங்கள் குருதி வழங்கச் செல்லும்போது, ஊசி ஏற்றுமுன் அத்தாளை நிதானமாகப் படியுங்கள். கொடை அங்கேயே தொடங்குகிறது.